பூட்டிய அறையில் ஒரு நெஞ்சுவலி

1974 பிப்ரவரி 7. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சிறையில் தனிப் பிரிவில் அடைக்கப்பட்டிருந்த கைதி ஒருவருக்கு நெஞ்சு வலித்தது. வலி இடது கைக்கும் முதுகுக்கும் பரவியது. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று காவலர்களிடம் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அடுத்த நாளும் கேட்டார், அன்றும் மறுத்துவிட்டார்கள். 9ஆம் தேதிதான் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். இத்தனைக்கும் அவருடைய இதயத் துடிப்பு சீராக இல்லை என்பது சில நாட்களுக்கு முன்பே இசிஜியில் தெரிந்து, மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த மாத்திரை தொடங்கிய கையோடுதான் அவரைத் தனிப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள்.

அவர் பெயர் ஜே. டபிள்யூ. கேம்பிள். 1973 நவம்பர் 9 அன்று சிறை வேலையாக லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பஞ்சுப் பொதி அவர் மேல் விழுந்தது. முதுகு வலியால் வேலை செய்ய முடியவில்லை என்றார். வேலைக்கு மறுத்ததாக அவர் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டைச் சிறை ஊழியர்கள் தொலைத்துவிட்டதால் நான்கு நாள் மருந்து வரவில்லை. கீழ்க் கட்டிலில் படுக்கவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதையும் யாரும் செய்யவில்லை. இவையெல்லாம் அவர் கைப்பட எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் சொன்னவை. அவற்றை உண்மை என்று வைத்துக்கொண்டே உச்ச நீதிமன்றம் சட்டக் கேள்வியை ஆராய்ந்தது.

1976 நவம்பர் 30 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி தர்குட் மார்ஷல். ஒருவரை அரசு பூட்டி வைத்த பிறகு அவரால் தானாக வைத்தியம் தேடிக்கொள்ள முடியாது. ஆகவே அவருக்கு வைத்தியம் பார்ப்பது அரசின் கடமை. கடுமையான நோயைத் தெரிந்தே அலட்சியப்படுத்துவது அரசியலமைப்பு தடை செய்யும் கொடூர தண்டனைக்குச் சமம். இதுதான் சாரம். அந்த அலட்சியம் டாக்டரிடமிருந்து மட்டுமல்ல, நோயாளியை டாக்டரிடம் போகவிடாமல் வேண்டுமென்றே தடுக்கும் காவலரிடமிருந்தும் வரலாம் என்று மார்ஷல் எழுதினார். கேம்பிளுக்கு இதனால் பலன் கிடைக்கவில்லை. மூன்று மாதத்தில் பதினேழு முறை மருத்துவ ஊழியர்கள் அவரைப் பார்த்திருக்கிறார்கள், எக்ஸ்ரே எடுக்காதது மருத்துவத் தவறாக இருக்கலாமே தவிர அரசியலமைப்பு மீறல் ஆகாது என்று டாக்டர் மீதான குற்றச்சாட்டை நீதிமன்றம் தள்ளிவிட்டது.

சிறை மருத்துவம் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் வலி வந்தபோது அந்த மனிதர் எங்கே இருந்தார் என்பதை விட்டுவிடுகிறார்கள். பொதுப் பிரிவில் இருந்திருந்தால் அவர் நடந்து போய்ச் சிறை ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கலாம். கூட இருப்பவர்கள் கூச்சல் போட்டிருப்பார்கள். தனிப் பிரிவில் அவருக்கும் டாக்டருக்கும் நடுவே இருந்தது ஒரு கதவு. அந்தக் கதவைத் திறக்க முடிந்தவர் அவரைத் தண்டித்துக்கொண்டிருந்த நிர்வாகத்தின் ஊழியர். தனிமைச் சிறையின் மருத்துவப் பிரச்சினை முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்பது என் வாதம். டாக்டர் இருக்கிறாரா, மருந்து இருக்கிறதா என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். யார் சொன்னால் கதவு திறக்கும் என்பதே முதல் கேள்வி.

அமெரிக்கச் சிறைகளில் இந்தப் பிரிவுகளுக்குப் பல பெயர்கள் உண்டு. சிறை விதியை மீறியதற்குத் தண்டனையாக, கும்பலைச் சேர்ந்தவர் என்ற சந்தேகத்தில், மற்றவர்களிடமிருந்து காப்பதற்காக, விசாரணை முடியும்வரை என்று காரணங்களும் பல. உள்ளே நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான்: நாளில் 22 மணி நேரத்துக்கு மேல் அறைக்குள், சாப்பாடு கதவிலுள்ள திறப்பு வழியாக, வெளியே வந்தால் கைவிலங்கு, நடப்பதற்குக் கம்பிக் கூண்டு. யேல் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் லைமன் மையமும் சிறைத்துறைத் தலைவர்களின் சங்கமும் சேர்ந்து எடுத்த கணக்கின்படி, 2021 கோடையில் அமெரிக்கச் சிறைகளில் 41,000 முதல் 48,000 பேர் வரை இப்படிப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ அடைபட்டிருந்தார்கள்.

அங்கே வைத்தியம் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். உடம்புக்கு முடியவில்லை என்றால் கைதி ஒரு சீட்டு எழுத வேண்டும். சீட்டு காவலர் கைக்கோ, சுற்றி வரும் நர்ஸ் கைக்கோ போகிறது. நர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையாக ஒவ்வொரு கதவிலும் சில விநாடி நிற்கிறார். இரும்புக் கதவுக்கு வெளியிலிருந்து உரக்கக் கேட்கிறார், உள்ளே இருப்பவரும் உரக்கப் பதில் சொல்ல வேண்டும். பக்கத்து அறைகளுக்குக் கேட்கும், கூட நிற்கும் காவலருக்கும் கேட்கும். மூலத்தில் ரத்தம் போகிறது என்பதையும், எய்ட்ஸ் மருந்து தீர்ந்துவிட்டது என்பதையும், சாக வேண்டும் போலிருக்கிறது என்பதையும் அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி எத்தனை பேர் சொல்வார்கள்? சிறையில் பலவீனம் வெளியே தெரிவது ஆபத்து. எனவே “ஒன்றும் இல்லை” என்கிறார். நோயாளி நலமாக இருப்பதாகப் பதிவேட்டில் ஏறுகிறது.

சாப்பாட்டுத் திறப்பு வழியாகக் கையை நீட்டச் சொல்லி ரத்த அழுத்தம் பார்க்கலாம், ஊசி போடலாம். வயிற்றைத் தொட்டு அமுக்கிப் பார்க்க முடியாது. முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்து நுரையீரலைக் கேட்க முடியாது. கண்ணின் மஞ்சளை மங்கலான விளக்கில், கீறல் விழுந்த கண்ணாடி வழியாகப் பார்க்க முடியாது. சரியாகப் பரிசோதிக்க ஆளை வெளியே கொண்டுவர வேண்டும். அதற்குக் காவலர்கள் துணைக்கு வேண்டும். ஆடை களைந்து சோதனை, கைவிலங்கு, இடுப்புச் சங்கிலி. ஆள் பற்றாக்குறை உள்ள நாளில் முதலில் ரத்தாவது இந்த அழைப்புதான். வெளி ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க வாங்கிய தேதியும் இதே காரணத்தால் தள்ளிப்போகும். ஆடை களையும் அவமானத்துக்கு அஞ்சிச் சிலர் வர மறுக்கிறார்கள். அதுவும் “நோயாளி சிகிச்சையை மறுத்தார்” என்று எழுதப்படுகிறது. டெக்சாஸில் இதற்கு மேல் காசும் உண்டு. 2011 முதல் ஆண்டுக்கு 100 டாலர், 2019இல் மாற்றியமைத்த பிறகு ஒரு முறை பார்க்க 13.55 டாலர். நாள்பட்ட நோய்க்கும் அவசர சிகிச்சைக்கும் விலக்கு உண்டு என்றாலும், அந்த மாநிலத்தில் பெரும்பாலான கைதிகளின் உழைப்புக்குச் சம்பளமே கிடையாது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நோய்கள் தனிமையில் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. வலிப்பு நோய் உள்ளவருக்கு வலிப்பு வந்தால் புரட்டிப் படுக்கவைக்க ஆள் இல்லை, கூப்பிடவும் ஆள் இல்லை. அடுத்த சுற்று வரும்போதுதான் தெரியும். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு ஊசி ஒரு நேரத்திலும் சாப்பாடு ஒரு நேரத்திலும் வந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி நினைவு தப்பும். வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு அவர் தூங்குவது போலத்தான் இருக்கும். ஆஸ்துமாக்காரருக்கு இன்ஹேலரை அறையில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்பதே உயிர்ப் பிரச்சினை. குடியிலிருந்தோ போதைப்பொருளிலிருந்தோ திடீரென்று விலக்கப்பட்டவர் முதல் சில நாட்கள் நடுங்குவார், பிதற்றுவார், சண்டைக்கு வருவார். அந்த நடத்தைக்காகவே அவரைத் தனியறையில் போடுகிறார்கள். கண்காணிப்பு அதிகம் வேண்டிய நேரத்தில் கண்காணிப்பு குறைந்த இடத்துக்கு அவர் போய்ச்சேர்கிறார்.

மெதுவாக வளரும் நோய்கள் இன்னும் எளிதில் தப்பிவிடுகின்றன. லூசியானாவின் அங்கோலா சிறையிலும் பிறகு வேறொரு சிறையிலுமாக நாற்பது ஆண்டுக்கு மேல் தனியறையில் இருந்த ஹெர்மன் வாலஸ் உடல் மெலிந்துகொண்டே போனார். 2013 ஜூனில் ஈரல் புற்று என்று தெரிந்தபோது அது நன்றாக முற்றியிருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று ஒரு கூட்டாட்சி நீதிபதி அவர்மேலிருந்த தண்டனைத் தீர்ப்பையே ரத்துசெய்து விடுவித்தார். மூன்று நாள் கழித்து இறந்தார். நாள்தோறும் முகம் பார்க்கிற ஒரு மனைவியோ, சக கைதியோ “ஏன் இப்படி இளைத்துப் போனாய்?” என்று கேட்பதில்தான் பாதி நோய் கண்டுபிடிப்பு நடக்கிறது. தனியறையில் அந்தக் கேள்வியைக் கேட்க யாருமில்லை.

நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் 2012 ஆகஸ்டில் நடந்ததைப் படித்த பிறகு என்னால் இந்த விஷயத்தைச் சட்டப் பிரச்சினையாக மட்டும் பார்க்க முடியவில்லை. மனநலக் குறை உள்ளவர்கள் விதியை மீறினால் அடைக்கும் தனிப் பிரிவு அது. கழிவுநீர் பொங்கி அறைகளுக்குள் வந்ததால், சுத்தம் செய்யச் சோப்புப் பொதிகள் கொடுக்கப்பட்டன. ஓர் இருபத்தைந்து வயதுக் கைதி தன்னிடம் வந்த பொதியை விழுங்கிவிட்டார். வாந்தி எடுத்தார், உதவி கேட்டார். காவலர் ஒருவர் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். பிணம் விழுந்தாலோ, ஆளைப் பலவந்தமாக வெளியே இழுக்க வேண்டியிருந்தாலோ மட்டும் கூப்பிடு என்ற பொருளில் அந்த அதிகாரி பதில் சொன்னதாக வழக்கில் சாட்சியம் வந்தது. மருந்து கொடுக்கும் ஊழியர் ஒருவரும் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, இவருக்கு டாக்டர் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கதவு திறக்கப்படவில்லை. காலையில் இறந்து கிடந்தார். 2014இல் அந்த அதிகாரி குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஐந்தாண்டு சிறை பெற்றார். இப்படி ஓர் அதிகாரி சிறைக்குப் போவது மிக அபூர்வம்.

இந்தக் கதையில் என்னை உலுக்குவது அந்த அதிகாரியின் கல்நெஞ்சு மட்டுமல்ல. மருத்துவம் தெரிந்த ஒருவர் பார்த்தார், அபாயம் என்று சொன்னார், ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை. அவருக்குச் சொல்லத்தான் முடிந்தது. உத்தரவிட முடியவில்லை.

அதே ஊரின் சிறை மருத்துவர்கள் இதைக் கணக்காகவும் காட்டினார்கள். ஃபாட்டோஸ் கபா, ஹோமர் வென்டர்ஸ் உள்ளிட்டோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, 2010 முதல் 2013 தொடக்கம் வரை நியூயார்க் நகரச் சிறைகளில் நடந்த 2,44,699 அடைப்புகளை ஆராய்ந்தது. அவற்றில் 7.3 விழுக்காட்டில் மட்டுமே கைதி எப்போதாவது தனிமையில் வைக்கப்பட்டிருந்தார். ஆனால் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட சம்பவங்களில் 53.3 விழுக்காடும், உயிருக்கே ஆபத்தான சம்பவங்களில் 45 விழுக்காடும் இந்தச் சிறு கூட்டத்தில்தான் நடந்திருந்தன. வடக்கு கரோலினாவில் 2000 முதல் 2015 வரை விடுதலையான 2,29,274 பேரைத் தொடர்ந்து சென்ற இன்னோர் ஆய்வு 2019இல் வந்தது. தனிப் பிரிவில் இருந்தவர்கள் வெளியே வந்த முதல் ஆண்டில் இறப்பது மற்றவர்களைவிட 24 விழுக்காடு அதிகம், தற்கொலை 78 விழுக்காடு அதிகம்; முதல் இரண்டு வாரத்தில் அபின் வகைப் போதைப்பொருள் மிகுந்து இறப்பது இரண்டு மடங்குக்கும் மேல். தனிமைக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே நொந்தவர்களாக இருப்பதால்தான் இந்த எண்கள் என்று சொல்பவர்கள் உண்டு. ஓரளவு அது உண்மையும்கூட. அப்படியானால் நொந்தவர்களைத் தேர்ந்தெடுத்து ஏன் அங்கே அனுப்புகிறோம் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

“இவன் நடிக்கிறான்” என்பது தனிப் பிரிவுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. வெளியே வருவதற்காகக் கையை அறுத்துக்கொள்கிறான், ஆஸ்பத்திரிப் படுக்கைக்காக நெஞ்சுவலி என்கிறான் என்று காவலர் சொல்வார். நாளடைவில் நர்ஸும் அப்படியே சொல்லத் தொடங்குவார். சிலர் அப்படிச் செய்வதும் உண்டு, ரைக்கர்ஸ் ஆய்வாளர்களும் அதை மறைக்கவில்லை. ஆனால் ஓர் அறையிலிருந்து வெளியே வருவதற்காக ஒருவர் தன் நரம்பை அறுத்துக்கொள்ளத் துணிகிறார் என்றால், அந்த அறை அவரை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிட வேறென்ன அறிகுறி வேண்டும்? மருத்துவம் அறிகுறிகளைப் படிக்கும் தொழில். அதைப் புறந்தள்ளுகிற இடத்தில் டாக்டரும் காவலராகிவிடுகிறார்.

இவையெல்லாம் புதிதாகத் தெரிந்தவையும் அல்ல. பிலடெல்பியாவில் 1829இல் திறந்த ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை, தனிமையில் மனிதன் மனம் திருந்துவான் என்ற நல்லெண்ணத்தில் கட்டப்பட்டது. 1842இல் அங்கே போன சார்ல்ஸ் டிக்கன்ஸ், உடல் சித்திரவதையைவிட இது மோசம் என்று எழுதினார். 1890இல் மெட்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, தனிமையில் வைக்கப்பட்டவர்களில் பலர் மந்த நிலைக்குப் போனதையும், சிலர் வெறிபிடித்ததையும், சிலர் தற்கொலை செய்துகொண்டதையும் பதிவு செய்தது. அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1989இல், கலிஃபோர்னியா பெலிகன் பே என்ற பெயரில் ஜன்னல் இல்லாத அறைகளோடு ஒரு புதிய தனிமைச் சிறையைத் திறந்தது.

பெலிகன் பே வழக்கில் நீதிபதி தெல்டன் ஹென்டர்சன் 1995இல் அளித்த தீர்ப்பு, மனநோய் உள்ளவர்களையும் அந்த அபாயம் மிகுந்தவர்களையும் அங்கே வைக்கக் கூடாது என்றது. மற்றவர்களை வைக்கலாம் என்று விட்டுவிட்டது. அந்தக் கோட்டை அங்கே போட்டது எனக்கு உடன்பாடில்லை. நலமாக உள்ளே போனவர் ஐந்தாம் ஆண்டில் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதை யார் பார்த்துச் சொல்வார்கள்? கதவு வாசலில் சில விநாடி நிற்கும் அதே நர்ஸ்தான். என்றாலும், நோயாளிகளைப் பிரித்தெடுக்கும் கடமை மருத்துவத்துக்கு உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு நிறுவியது. கலிஃபோர்னியாவின் மற்ற சிறைகள் அதையும் செய்யவில்லை. கைதிகள் ஆறேழு நாளுக்கு ஒருவர் வீதம் தேவையில்லாமல் இறந்துகொண்டிருந்தார்கள் என்று கண்ட நீதிமன்றம், மாநிலத்தின் சிறை மருத்துவத்தையே அரசிடமிருந்து எடுத்து ஒரு தனி நிர்வாகியிடம் ஒப்படைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில் கூட்டத்தைக் குறைக்க உத்தரவிட்டபோது, தற்கொலை எண்ணம் கொண்டவர்களுக்குப் படுக்கை இல்லாததால் டெலிபோன் பூத் அளவுள்ள கூண்டுகளில் அவர்களை நிறுத்திவைத்ததைச் சுட்டிக்காட்டியது. ஒருவர் ஏறக்குறைய இருபத்துநான்கு மணி நேரம் அப்படி நின்றிருந்தார், தன் சிறுநீரிலேயே.

அலபாமாவில் 2016 டிசம்பரில் மனநல சிகிச்சை பற்றிய வழக்கு விசாரணையின் முதல் சாட்சியாகக் கைதி ஒருவர் வந்தார். சாட்சி சொல்லிப் பத்தாம் நாள் தன் அறையில் தூக்கு மாட்டிக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூனில் நீதிபதி மைரன் தாம்சன் 302 பக்கத் தீர்ப்பில், அம்மாநிலச் சிறைகளின் மனநல சிகிச்சை சகிக்க முடியாத அளவுக்குக் குறைபாடுள்ளது என்று அறிவித்தார். அரிசோனாவில் 2022இல் நீதிபதி ராஸ்லின் சில்வரும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார். அங்கே மனநல ஆலோசனை என்று கணக்கில் எழுதப்பட்டவற்றில் பல, அறைக் கதவின் முன் சில நிமிடம் நின்று பேசியவை.

கொரோனா காலத்தில், சிகிச்சையையும் தண்டனையையும் கலக்கும் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போனது. தொற்று வந்தவரைத் தனியே வைப்பது மருத்துவம். சிறைகளிடம் இருந்த தனியறைகளோ தண்டனை அறைகள்தாம். காய்ச்சல் என்று சொன்னவரைக் கொண்டுபோய் அங்கே அடைத்தார்கள். தொலைபேசியும் போனது, புத்தகமும் போனது. விளைவு எதிர்பார்க்கக் கூடியதே: காய்ச்சல் வந்தவர்கள் சொல்லாமல் மறைத்தார்கள்.

டாக்டரின் இடம் என்ன என்பதில் உலக விதிகளே ஒரு காலத்தில் தடுமாறியிருக்கின்றன. 1955இல் வகுத்த ஐ.நா. சிறை விதிகளின்படி, தனியடைப்பு தண்டனை கொடுக்குமுன் மருத்துவர் கைதியைப் பரிசோதித்து, தாங்கக்கூடிய உடல்நிலையில் இருக்கிறார் என்று எழுத்தில் சான்று தர வேண்டும். கேட்பதற்குப் பாதுகாப்பு போலத் தெரியும். நடைமுறையில் தண்டனைக்கு டாக்டரின் கையெழுத்து அனுமதிச் சீட்டாயிற்று. கையெழுத்திட்டவர் மறுநாள் மருந்தோடு வந்தால் கைதி எப்படி அவரை நம்புவார்? 2015இல் திருத்தப்பட்டு மண்டேலா விதிகள் என்ற பெயர் பெற்றவை இதைத் தலைகீழாக்கின. தண்டனை விதிப்பதில் மருத்துவருக்கு எந்தப் பங்கும் கூடாது. தனியே அடைக்கப்பட்டவரை அவர் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். உடலோ மனமோ கெடுகிறது என்று கண்டால் உடனே அறிவித்து, அடைப்பை முடிக்கவோ மாற்றவோ பரிந்துரைக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு மேல் தொடர்ந்து தனிமையில் வைப்பதையே விதிகள் தடை செய்கின்றன. ஆனால் கவனியுங்கள், இங்கேயும் “பரிந்துரை”தான்.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் பலர் நினைப்பதைவிடப் பழையது, சில இடங்களில் தெளிவானதும்கூட. 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் 29ஆம் பிரிவில், கைதி எந்த நேரமும் சிறை அலுவலரைக் கூப்பிட வழியில்லாத அறையைத் தனியடைப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. தண்டனையாகவோ வேறு காரணத்துக்காகவோ இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் அப்படி அடைக்கப்பட்ட ஒவ்வொருவரையும் மருத்துவ அலுவலரோ அவருடைய உதவியாளரோ நாளுக்கு ஒரு முறையாவது பார்த்தாக வேண்டும். “வேறு காரணம்” என்பதற்குள் இன்றைய உயர் பாதுகாப்புத் தொகுதிகளும் வரும் என்றே நான் படிக்கிறேன். 14ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: சிறையின் நடைமுறையால் ஒருவரின் மனம் கெடுகிறது என்று மருத்துவ அலுவலர் கருதினால் எழுத்தில் கண்காணிப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தை எழுதிய ஆங்கிலேய அரசு எப்படி நடந்துகொண்டது என்பதை அந்தமான் சொல்கிறது. செல்லுலார் சிறையில் அலிப்பூர் குண்டு வழக்குக் கைதி உல்லாஸ்கர் தத், விலங்கிட்டு நிற்கவைக்கப்பட்ட தண்டனையின்போது காய்ச்சல் கண்டு மனம் பிறழ்ந்தார். கடைசியில் கடல் கடந்து சென்னையின் மனநோயாளர் காப்பகத்துக்குக் கொண்டுவரப்பட்டார். 1933இல் அதே சிறையில் உண்ணாவிரதம் இருந்த மகாவீர் சிங்குக்குக் குழாய் வழியாகப் பலவந்தமாகப் பால் ஊற்றியபோது அது நுரையீரலுக்குள் போய் இறந்தார். தனியறையின் கதவு டாக்டருக்காகத் திறந்தது, சிகிச்சைக்காக அல்ல.

சுதந்திர இந்தியாவில் நீதிபதி கிருஷ்ணய்யர் இடம்பெற்ற அமர்வு, 1978இல் சுனில் பத்ரா வழக்கில், கருணை மனுவரை எல்லாம் முடிந்து தண்டனை உறுதியாகும் முன் தூக்குக் கைதியைத் தனிமையில் வைக்க அதே சிறைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு இடம் தரவில்லை என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பின்னும் தமிழ்நாட்டிலிருந்து வந்த வைத்தீஸ்வரன் வழக்கில், ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அவர் தூக்குக் கொட்டடியில் தனியே இருந்ததை 1983இல் உச்ச நீதிமன்றம் காண நேர்ந்தது. நீதிபதி சின்னப்ப ரெட்டி தூக்கை ஆயுளாகக் குறைத்தார். 2014இல் தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு, தூக்குக் கைதிகளின் மனநிலையைச் சிறை அதிகாரிகள் தொடர்ந்து பரிசோதிக்கச் செய்ய வேண்டும் என்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 97ஆம் பிரிவில், மனநோய் உள்ளவரைத் தனிமையில் அடைக்கவே கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஆனால் 2023இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதா, தண்டனைச் சட்டத்திலிருந்த தனிமைச் சிறையை 11, 12ஆம் பிரிவுகளில் அப்படியே எடுத்துவைத்துக்கொண்டது. சட்ட ஆணையம் அதை நீக்கச் சொல்லி அரை நூற்றாண்டு ஆகிறது.

இத்தனை விதிகளுக்கும் நடுவில் 1894 சட்டத்தின் 13ஆம் பிரிவு அமைதியாக இருக்கிறது: மருத்துவ அலுவலர் கண்காணிப்பாளரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர். 14ஆம் பிரிவின்படி டாக்டர் எழுதும் அறிக்கையில் உத்தரவு போடுவதும் அதே கண்காணிப்பாளர்தான். டெக்சாஸில் 1974இல் பார்த்த அமைப்பு இதுவே. நல்ல கண்காணிப்பாளர் கிடைத்தால் நோயாளி பிழைப்பார். நல்லவர் கிடைப்பதை நம்பிச் சட்டம் எழுதக் கூடாது.

மாற்றுவழி இருக்கிறது. நார்வே 1988இலேயே கைதிகளின் மருத்துவத்தை உள்ளாட்சிகளின் பொறுப்பாக்கியது. பிரான்ஸ் 1994இல் பொது ஆஸ்பத்திரிகளிடம் ஒப்படைத்தது. இங்கிலாந்து 2006க்குள் தேசிய சுகாதாரச் சேவைக்கு மாற்றியது. டாக்டரின் சம்பளமும் பதவி உயர்வும் சிறை அதிகாரியின் கையில் இல்லை என்றானதும் பேச்சு மாறுகிறது. ஆனால் தனிப் பிரிவைப் பொறுத்தவரை இது மட்டும் போதாது என்பதற்கு ரைக்கர்ஸே சாட்சி. 2012இலும் அங்கே மருத்துவம் நகர சுகாதாரத் துறையின் பொறுப்பில்தான் இருந்தது. டாக்டர் வெளித் துறை ஆளாக இருந்தும் கதவின் சாவி சிறைத் துறையிடமே இருந்தது.

எனவே சட்டத்தில் எழுதப்பட வேண்டியது மிகக் குறிப்பானது. தனியறையில் இருப்பவரை வெளியே கொண்டுவந்து தனியிடத்தில் பரிசோதிக்க டாக்டர் சொன்னால் அது உத்தரவு, பரிந்துரை அல்ல. தனியடைப்பு இவர் உடம்புக்கோ மனதுக்கோ ஆகாது என்று டாக்டர் எழுதினால் அன்றைக்கே அது முடிய வேண்டும். உடன்படாத அதிகாரி மேலே முறையிடட்டும், அதுவரை கைதி வெளியே இருக்கட்டும். கதவு வாசலில் பேசியதைப் பரிசோதனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. “மறுத்தார்” என்று எழுதினால் மறுத்தவர் ஏன் மறுத்தார் என்பதை மருத்துவ ஊழியர் நேரில் கேட்டு எழுத வேண்டும். பாதுகாப்பு என்ன ஆகும் என்று கேட்பார்கள். அபாயகரமான கைதிகள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களையும் தீவிர சிகிச்சைப் பிரிவில் காவல் போட்டு வைத்தியம் பார்க்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ஆஸ்பத்திரியில் முடிவது சிறைக்குள்ளும் முடியும்.

நியூயார்க் 2013இல் இதில் ஒரு பகுதியைச் செய்து பார்த்தது. கடும் மனநோய் உள்ள கைதிகள் விதியை மீறினால் தனியறைக்குப் பதிலாகச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பத் தொடங்கியது. அங்கே கதவுகள் பகலில் திறந்திருந்தன, நர்ஸும் மனநல ஊழியர்களும் கைதிகளோடு ஒரே கூடத்தில் இருந்தார்கள், காவலர்களுக்கும் சேர்த்தே பயிற்சி தரப்பட்டது. நோய் அவ்வளவு கடுமையில்லை என்று கருதப்பட்டவர்களைப் பெரும்பாலும் அறைக்குள்ளேயே அடைத்துவைக்கும் இன்னொரு பிரிவில் வைத்தார்கள். சில ஆண்டுக்குப் பின் இரண்டையும் ஒப்பிட்டபோது, அதிக நோயுள்ளவர்கள் இருந்த சிகிச்சைப் பிரிவில்தான் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் அடிபடுவதும் குறைவாக இருந்தன. அந்தப் பிரிவை நடத்த ஆட்கள் அதிகம் வேண்டியிருந்தார்கள், செலவும் அதிகம். நகரம் அதை எல்லோருக்கும் விரிவாக்கவில்லை.